கிளட்ச் ரிலீஸ் பேரிங் மாற்றுவது: சத்தத்தைக் கண்டுபிடிப்பதில் இருந்து கியர்பாக்ஸ் ஏற்றும் வரை

கிளட்ச் பெடலை மிதிக்கும்போது பிரஷர் பிளேட்டை அழுத்தி, எஞ்சினையும் கியர்பாக்ஸையும் பிரிக்க உதவுவது ரிலீஸ் பேரிங். உள்ளங்கையில் அடங்கும் சாமான், விலையும் பெரிதில்லை. அதைத் தொடுவதற்கு மட்டும் ஆக்சில் உருவ வேண்டும், கியர்பாக்ஸ் இறக்க வேண்டும். அதனால்தான் இந்த வேலையில் வரிசை முக்கியம் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். ஒன்றை மறந்துவிட்டு எல்லாவற்றையும் ஏற்றி முடித்தால், மறுபடியும் முதலில் இருந்து கழற்றுவதைத் தவிர வழியில்லை.

இங்கே எழுதியிருப்பது மாருதி 800, பழைய ஆல்டோ மாதிரியான சின்ன கார்களை வைத்து: எஞ்சின் குறுக்கே உட்கார்ந்திருக்கும், முன்சக்கரம் இழுக்கும், கிளட்ச் கேபிளில் வேலை செய்யும். ஹைட்ராலிக் கிளட்ச் (கேபிளுக்குப் பதில் எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்வது) வண்டிக்கு எங்கே மாறும் என்று அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

1. கழற்றும் முன் காதைக் கொடுங்கள்

புதிதாகச் செய்பவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். கிளட்ச் பக்கம் சத்தம் கேட்டாலே பேரிங் போச்சு என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

எஞ்சினை ஸ்டார்ட் செய்து நியூட்ரலில் ஓடவிடுங்கள். பெடலில் கால் படாமல் இருக்கும்போது அமைதியாக இருந்து, மிதிக்க மிதிக்க கரகர என்றோ கிறீச் என்றோ சத்தம் வந்து, காலை எடுத்ததும் நின்றால் அது ரிலீஸ் பேரிங். எஞ்சினோடு சுற்றும் ஃபிளைவீலோடு கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிப்பது பிரஷர் பிளேட்; அதன் நடுவில் விரல் மாதிரி நீளும் ஸ்பிரிங் நாக்குகளான ஃபிங்கர்களைப் பேரிங் அழுத்தும்போதுதான் அதன் மேல் பாரம் ஏறும், அதனால் சத்தமும் அப்போதுதான் வரும்.

இதற்கு நேர்மாறாக, காலை எடுத்திருக்கும்போது உறுமல் கேட்டு, மிதித்ததும் அடங்கினால் அது பெரும்பாலும் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் இன்புட் ஷாஃப்ட் (கிளட்ச் பிளேட்டில் இருந்து சுழற்சியை உள்ளே கொண்டுபோகும் தண்டு) பேரிங். கிளட்ச் மிதித்தால் அந்த ஷாஃப்ட் சுற்றுவது நிற்கும், சத்தமும் நிற்கும். ரிலீஸ் பேரிங்கை எத்தனை முறை மாற்றினாலும் இது போகாது. ஹைட்ராலிக் வண்டிகளில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும், ஏனென்றால் அவற்றில் பலவற்றில் பேரிங் எப்போதும் ஃபிங்கரை லேசாகத் தொட்டபடியே சுற்றும், தேய்ந்த பேரிங் கால் எடுத்திருக்கும்போதும் முனகலாம், மிதித்தால் அந்தச் சத்தம் மாறும்.

மூன்றாவது ஒன்று உண்டு. பெடல் நகரும் நேரத்தில் மட்டும் கிரீச் என்று ஒரு சத்தம், பாதியில் பிடித்து நிறுத்தினால் சத்தமே இல்லை. அது ஃபோர்க் (பேரிங்கைத் தள்ளும் நெம்புகோல்) ஊன்றிச் சுழலும் இடத்திலோ, கேபிளிலோ, பெடலின் புஷ்ஷிலோ கிரீஸ் காய்ந்துபோனதால் வருவது. எஞ்சினை அணைத்துவிட்டு மிதித்துப் பாருங்கள். அப்போதும் கேட்டால் பேரிங் காரணமில்லை, ஏனென்றால் எதுவுமே சுற்றவில்லை.

2. வாங்கி வைக்க வேண்டியவை

ரிலீஸ் பேரிங்கைப் பழுது பார்க்க முடியாது. அது உள்ளே கிரீஸ் வைத்து மூடிய சாமான், பெட்ரோலில் கழுவினால் இருக்கிற கிரீஸும் போய் இன்னும் சீக்கிரம் கெடும். மாற்றுவது மட்டுமே வழி.

பேரிங் மட்டும் வாங்கலாமா, செட்டாக வாங்கலாமா? என் கருத்து: வண்டியில் இப்போதிருக்கும் கிளட்ச் பிளேட் போட்டு அதிக நாள் ஆகவில்லை என்று உறுதியாகத் தெரிந்தால் பேரிங் மட்டும் போதும். தெரியாவிட்டால் பிளேட், பிரஷர் பிளேட், பேரிங் மூன்றும் சேர்ந்த செட்டையே வாங்குங்கள். இறக்கி ஏற்றும் உழைப்பு இரண்டுக்கும் ஒன்றுதான். வாலியோ, லூக், எக்செடி என்று தெரிந்த பெயர்கள் கடைகளில் கிடைக்கும். வண்டியின் மாடலும் ஆண்டும் சொல்லி, பில்லோடு வாங்குங்கள், பழைய பேரிங் வெளியே வந்ததும் பக்கத்தில் வைத்து ஒப்பிடும் வரை பில்லைத் தொலைக்காதீர்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு வண்டி உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜி.பி. ரோடு தெரிந்த இடம்தான்.

இவற்றோடு ஆக்சில் ஆயில் சீல் இரண்டு, இன்புட் ஷாஃப்ட் சீல், கியர் ஆயில், கிளட்ச் ஸ்ப்லைனுக்கான (இன்புட் ஷாஃப்டில் பிளேட் மாட்டும் நீளப் பற்கள்) கிரீஸ், பிரேக் கிளீனர் ஸ்பிரே, பனியன் வேஸ்ட், முகக்கவசம். சீல்கள் சில்லறைக் காசுதான். ஆக்சிலை வெளியே எடுத்துத் திரும்ப நுழைக்கும்போது பழைய ரப்பரின் உதடு கிழிவது சாதாரணம், ஞாயிற்றுக்கிழமை மாலையில் அது தெரியவந்தால் கடையும் இருக்காது.

கருவிகளில் 10, 12, 14, 17, 19 ரிங் ஸ்பேனரும் சாக்கெட்டும், நீளமான எக்ஸ்டென்ஷன், லிவர் ராடு, டார்க் ரெஞ்ச், கிளட்ச் அலைன்மென்ட் டூல், ஜாக்கி இரண்டு, ஸ்டாண்டு இரண்டு. ஸ்டாண்டு இல்லாவிட்டால் வேலையைத் தொடங்காதீர்கள். செங்கல், ஹாலோ பிளாக் எல்லாம் பாரத்தில் சொல்லாமல் உடையும், அதன் அடியில் இருப்பது நீங்கள். கூட ஒரு ஆளும் வேண்டும். கியர்பாக்ஸைத் தனியாக இறக்கிவிடலாம், தனியாக ஏற்றுவதுதான் கஷ்டம்.

3. வண்டியை நிறுத்தித் தூக்குவது

தரை சமமாக, சிமெண்டாக இருக்கட்டும். ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். முன்சக்கர நட்டுகளை, சக்கரம் தரையில் இருக்கும்போதே ஒரு சுற்று லூஸ் செய்துவிடுங்கள். தூக்கிய பிறகு அழுத்தித் திருப்பினால் சக்கரம் சுற்றும், வண்டியும் ஆடும்.

தூக்கி ஸ்டாண்டில் இறக்கியதும், அடியில் படுக்கும் முன் வண்டியைக் கையால் நன்றாக உலுக்கிப் பாருங்கள். ஆடவேண்டியது அப்போதே ஆடட்டும்.

4. மேலே இருப்பவை

முதல் வேலை பேட்டரியின் நெகட்டிவ் வயர். ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் போகும் தடித்த வயரில் எப்போதும் கரண்ட் இருக்கும், ஸ்பேனர் பாடியில் பட்டால் பொறி பறக்கும். அப்புறம் பேட்டரி, ஏர் ஃபில்டர் என்று வழியை அடைப்பவற்றை எடுங்கள்.

கிளட்ச் கேபிளைக் கழற்றும் முன், அட்ஜஸ்டிங் நட்டுக்கு வெளியே எத்தனை மரை தெரிகிறது என்று போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து ஸ்பீடோமீட்டர் கேபிள், ரிவர்ஸ் லைட் சுவிட்ச் வயர், எர்த் வயர், ஸ்டார்ட்டர் மோட்டார், அடிப்பக்கம் கியர் ராடுகள். ஒவ்வொரு போல்ட்டையும் எடுத்த ஓட்டையிலேயே இரண்டு மரை திருப்பி வைப்பது நல்ல பழக்கம். பெல் ஹவுசிங் (கிளட்சை மூடி எஞ்சினோடு சேரும் கியர்பாக்ஸின் கூடு) போல்ட்டுகள் எல்லாம் ஒரே நீளமாக இருப்பதில்லை, குட்டையான போல்ட் போகவேண்டிய இடத்தில் நீளமானதை முறுக்கினால் அலுமினிய வார்ப்பு வெடித்துவிடும்.

கான்சென்ட்ரிக் சிலிண்டர் உள்ள ஹைட்ராலிக் வண்டியில் பேரிங்கும் சிலிண்டரும் ஒரே உருப்படி, கியர்பாக்ஸுக்குள் இன்புட் ஷாஃப்டைச் சுற்றி உட்கார்ந்திருக்கும். அதன் குழாயைக் கழற்றிய பிறகு யாரும் பெடலை மிதிக்கக் கூடாது. ஸ்டீயரிங்கில் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டி வையுங்கள்.

5. ஆயில் வடிப்பது

வடிக்கும் பிளக்கில் கை வைக்கும் முன், நிரப்பும் பிளக் கழல்கிறதா என்று பாருங்கள். ஆயிலை வடித்த பிறகு நிரப்பும் பிளக் துருப்பிடித்து அசையவில்லை என்றால் வண்டி அப்படியே நிற்கவேண்டியதுதான். அது திறந்த பிறகே வடிக்கும் பிளக்கைத் திறவுங்கள்.

வடிந்த ஆயிலை வெயிலில் கொஞ்சம் பாருங்கள். மெல்லிய உலோகப் பொடி சகஜம். விரலில் தட்டுப்படுகிற துணுக்குகள் இருந்தால் கியர்பாக்ஸுக்குள்ளேயே வேலை இருக்கிறது, அதை இப்போதே காட்டிவிடுவது நல்லது.

6. ஆக்சில் உருவுவது

ஹப் நட்டைக் கழற்றத் தேவையில்லை. லோயர் ஆர்மின் பால் ஜாயின்ட்டைப் பிரித்தால், சக்கரம் மாட்டும் நக்கிள் முழுவதும் வெளிப்பக்கம் திரும்ப இடம் கிடைக்கும், ஆக்சிலின் உள்முனையைக் கியர்பாக்ஸில் இருந்து எடுத்துவிடலாம்.

இந்த வண்டிகளில் பால் ஜாயின்ட்டின் தண்டு நக்கிளுக்குள் நுழைந்து, குறுக்கே ஒரு போல்ட்டால் பிடிக்கப்பட்டிருக்கும். அந்தப் போல்ட் தண்டில் வெட்டியிருக்கும் பள்ளத்தின் வழியாகப் போகிறது, ஆகவே லூஸ் செய்தால் போதாது, முழுக்க உருவி எடுக்க வேண்டும். இது தெரியாமல் போல்ட்டைப் பாதி திருப்பிவிட்டு லோயர் ஆர்மைச் சுத்தியலால் அடித்துக்கொண்டிருப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ரப்பர் பூட் கிழிந்து, பால் ஜாயின்ட்டும் வாங்கவேண்டிய செலவுதான் மிச்சம்.

உள்முனையில் ஒரு ஸ்னாப் ரிங் டிஃபரன்ஷியலுக்குள் பிடித்திருக்கும். ஜாயின்ட்டின் உடலுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே லிவர் ராடை வைத்து, சுருக்கென்று ஒரு நெம்பு நெம்பினால் டக்கென்று விடும். ஷாஃப்டைப் பிடித்து இழுக்கவே கூடாது. இழுத்தால் ஸ்னாப் ரிங் விடாது, உள்ளே இருக்கும் ஜாயின்ட் கூட்டை விட்டு வெளியே வரும், பூட்டுக்குள் கிரீஸெல்லாம் கலைந்து அதற்கே தனி வேலை ஆகும். வெளியே வந்த ஆக்சிலைத் தொங்கவிடாமல் கம்பியால் கட்டி வையுங்கள்.

7. கியர்பாக்ஸ் இறக்குவது

கியர்பாக்ஸ் பக்கத்து மவுன்ட்டைக் கழற்றினால் எஞ்சினின் அந்தப் பக்கத்துக்குப் பிடிமானம் இல்லை. அதனால் எஞ்சினை மேலிருந்து சப்போர்ட் பாரில் தொங்கவிடுவது சிறந்தது. அது இல்லையென்றால் ஆயில் சம்புக்கு அடியில் அகலமான பலகை வைத்து ஜாக்கி கொடுங்கள். பலகை இல்லாமல் ஜாக்கியின் தலை நேராகப் பட்டால் சம்பின் தகடு உள்ளே ஒடுங்கும், உள்ளே ஆயில் உறிஞ்சும் வலை அதற்கு மேலேயே இருக்கிறது.

இரண்டாவது ஜாக்கியைக் கியர்பாக்ஸுக்குக் கொடுத்துவிட்டு மவுன்ட், பெல் ஹவுசிங் அடித்தகடு, சுற்றியுள்ள போல்ட்டுகள் என்று எடுங்கள். மேலே இருக்கும் இரண்டு போல்ட்டுகள் கடைசி வரை இருக்கட்டும்.

இனி சொல்லப்போவதுதான் இந்த வேலையிலேயே ஆபத்தான கட்டம். எல்லாப் போல்ட்டும் வந்த பிறகு கியர்பாக்ஸ் எஞ்சினில் இருந்து நேராகப் பின்வாங்க வேண்டும். ஷாஃப்ட் முழுதாக வெளியே வரும் முன் ஜாக்கியை இறக்கினால், மொத்த எடையும் கிளட்ச் பிளேட்டுக்குள் இருக்கும் இன்புட் ஷாஃப்டில் தொங்கும். பிளேட்டின் நடுப்பகுதி வளையும், கண்ணுக்குத் தெரியாது, ஏற்றி முடித்து வண்டியை எடுக்கும்போது உதறலாகத் தெரியும். ஒருவர் ஜாக்கியோடு இருக்க, இன்னொருவர் இரு பக்கமும் மாறி மாறி அசைத்து நேராக இழுங்கள். வராவிட்டால் எங்கேயோ ஒரு போல்ட் மிச்சம் இருக்கிறது, டார்ச் அடித்துத் தேடுங்கள்.

8. திறந்ததும் பார்க்கவேண்டியவை

உள்ளே கருப்புத் தூசி படிந்திருக்கும். வாயால் ஊதாதீர்கள், ஏர் அடிக்காதீர்கள். பழைய லைனிங்குகளில் கல்நார் இருந்த காலம் உண்டு, இல்லாவிட்டாலும் அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. பிரேக் கிளீனர் அடித்து ஈரமாகவே துடைத்தெடுங்கள்.

பழைய பேரிங்கை ஃபோர்க்கில் இருந்து எடுக்கும் முன், கிளிப் எந்தப் பக்கம் எப்படி மாட்டியிருக்கிறது என்று ஒரு படம். எடுத்ததும் விரலால் அழுத்திச் சுற்றிப் பாருங்கள், தேய்ந்த பேரிங்கில் மணல் அரைபடுவது மாதிரி நறநறவென்று கைக்குத் தெரியும். எந்த உறுத்தலும் இல்லாமல் வழுக்கிச் சுற்றினால் முதல் பகுதியில் சொன்ன மற்ற காரணங்களை, கியர்பாக்ஸ் கீழே இருக்கும்போதே ஒருமுறை யோசியுங்கள்.

பிறகு வரிசையாக: பேரிங் சறுக்கும் குழாயில் பள்ளம் விழுந்திருக்கிறதா, ஃபோர்க்கின் நுனிகள் தேய்ந்திருக்கின்றனவா. புதுப் பேரிங்கை அந்தக் குழாயில் மாட்டி முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள், எங்கும் சிக்கக் கூடாது. பிரஷர் பிளேட்டின் ஃபிங்கர் நுனிகள் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும், பேரிங் பட்ட இடத்தில் ஆழமான தடம் இருந்தால் புதுப் பேரிங் போட்டும் பயனில்லை. பிளேட்டின் லைனிங்கில் ரிவெட் தலைக்கு மேல் அரை மில்லிமீட்டருக்கும் குறைவாக மிச்சம் இருந்தால் பிளேட் முடிந்தது.

ஃபிளைவீலில் நீலத் திட்டோ மயிரிழை விரிசலோ தெரிந்தால் லேத்தில் காட்டுங்கள். ஃபிளைவீலின் நடுவில் இருக்கும் சின்ன பேரிங்கை விரலால் சுற்றிப் பாருங்கள். ஃபிளைவீலுக்குப் பின்னாலிருந்து எஞ்சின் ஆயில் வழிந்த தடம் இருந்தால் கிராங்கின் பின்பக்க சீல் போயிருக்கிறது, அதை மாற்றாமல் மூடினால் புது பிளேட் ஆயிலில் நனைந்து வழுக்கும்.

9. பிளேட்டும் பிரஷர் பிளேட்டும்

பேரிங் மட்டும் மாற்றுகிறீர்கள் என்றால் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். பிரஷர் பிளேட்டைத் தொடாதவரை பிளேட் நடுவில் சரியாகவே உட்கார்ந்திருக்கும்.

மாற்றுபவர்கள் போல்ட்டுகளைக் குறுக்கு மறுக்காக, அரைச் சுற்று அரைச் சுற்றாக லூஸ் செய்யுங்கள். ஒரே போல்ட்டை முழுக்கக் கழற்றினால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கின் விசை ஒரு பக்கம் சாய்ந்து கவர் கோணும். போடும்போதும் அப்படியே.

புது பிளேட்டைத் திருப்பிப் போடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. ஃபிளைவீல் பக்கம் எது என்று பிளேட்டிலேயே பெரும்பாலும் எழுதியிருக்கும். இல்லாவிட்டால் துருத்திக்கொண்டிருக்கும் நடுப்பகுதி, இந்த வண்டிகளில் கியர்பாக்ஸைப் பார்க்க வேண்டும். பூட்டும் முன் வெறும் பிளேட்டை ஃபிளைவீலில் வைத்துச் சுற்றிப் பாருங்கள், நடுப்பகுதி ஃபிளைவீல் போல்ட்டில் இடித்தால் பக்கம் மாறிவிட்டது என்று அர்த்தம். பிளேட்டைப் போடும் முன் ஸ்ப்லைன் ஷாஃப்டில் வழுக்கிப் போகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

புதுப் பிரஷர் பிளேட்டின் முகத்தில் துருப்பிடிக்காமல் இருக்க மெல்லிய எண்ணெய் பூசியிருப்பார்கள், பிரேக் கிளீனரால் துடைத்துவிட்டே போடுங்கள். அலைன்மென்ட் டூலைச் செருகிப் பிளேட்டை நடுவில் நிறுத்தி, போல்ட்டுகளைச் சர்வீஸ் மேனுவல் சொல்லும் டார்க்கில் முறுக்கிய பிறகே டூலை உருவ வேண்டும்.

10. கிரீஸ் எங்கே, எவ்வளவு

ஃபோர்க் ஊன்றும் இடம், ஃபோர்க் நுனி பேரிங்கைத் தொடும் இடம், ஷாஃப்ட் ஸ்ப்லைன். அவ்வளவுதான். விரல் நுனியில் எடுத்துப் பூசி, மிச்சத்தைத் துணியால் துடைத்தபின் பளபளப்பு மட்டும் தெரிந்தால் போதும். ஸ்ப்லைனில் அப்பி வைத்தால், சுற்றும் வேகத்தில் அது லைனிங் மேல் தெறித்து, கிளட்ச் விடும்போதெல்லாம் வண்டி உதறும். பேரிங்கின் உள்வட்டம் பிளாஸ்டிக்காக இருந்தால், செட்டோடு வரும் தாளில் கிரீஸ் போடச் சொல்லியிருந்தால் தவிர குழாயில் எதுவும் பூசாதீர்கள்.

பேரிங்கை மாட்டிய பிறகு ஃபோர்க்கை வெளியிலிருந்து சில முறை ஆட்டுங்கள். கிளிப் பிடித்திருந்தால் பேரிங் கூடவே போய்க் கூடவே திரும்பும்.

11. ஏற்றுவது

இரண்டு டவல் பின்களும் அதனதன் இடத்தில் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள், கியர்பாக்ஸை எஞ்சினோடு ஒரே நேர்கோட்டில் நிறுத்துபவை அவைதான். புது சீல்களையும் இப்போதே தட்டிவிடுங்கள்.

கியர்பாக்ஸை ஒரு கியரில் போட்டுக்கொண்டு, ஜாக்கியால் உயர்த்தி, எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் தெரியும் இடைவெளி சுற்றிலும் ஒரே அளவாக இருக்கும்படி சாய்வைச் சரிசெய்யுங்கள். பொறுமை போவது இந்த இடத்தில்தான். ஷாஃப்ட் பிளேட்டில் முட்டி நின்றால், ஒருவர் கிராங்க் புல்லியை ஸ்பேனரால் மெல்லத் திருப்பட்டும், ஸ்ப்லைன் பற்கள் நேராக வந்ததும் தானே உள்ளே போகும்.

இடைவெளி கையால் தள்ளியே மூட வேண்டும். விரல் அளவு மிச்சம் இருக்கிறது, போல்ட்டை முறுக்கி இழுத்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். அப்படி இழுத்துத்தான் பெல் ஹவுசிங்கின் காது உடைகிறது. மூடவில்லை என்றால் பிளேட் நடுவில் இல்லை, அல்லது வயர் ஏதோ நடுவில் மாட்டியிருக்கிறது, அல்லது பேரிங் ஃபோர்க்கை விட்டு நழுவிவிட்டது. வெளியே எடுத்துப் பார்ப்பதுதான் சரி. முழுதாக மூடியதும், முறுக்கும் முன் ஃபோர்க்கின் கையை ஆட்டுங்கள். கொஞ்சம் சும்மா நகர்ந்து, அப்புறம் ஸ்பிரிங் மாதிரி கெட்டியாக எதிர்த்தால் பேரிங் ஃபிங்கரில் படுகிறது. எதிர்ப்பே இல்லாமல் லொடலொடவென்று ஆடினால் நழுவியிருக்கிறது.

மற்றவை கழற்றியதற்குத் தலைகீழ் வரிசை. ஆக்சிலை நுழைக்கும்போது சீலின் உதட்டில் கொஞ்சம் ஆயில் தடவி, நேராகத் தள்ளுங்கள், ஸ்னாப் ரிங் விழும் க்ளிக் கேட்கும். ஜாயின்ட்டைப் பிடித்து (ஷாஃப்டை அல்ல) இழுத்துப் பார்த்து வராமல் இருந்தால்தான் அடுத்த வேலை. பால் ஜாயின்ட் போல்ட் பள்ளத்தில் சரியாகப் போய் உட்கார்ந்திருப்பதைக் கண்ணால் பாருங்கள், சக்கரத்தைப் பிடித்திருப்பது அது.

12. கேபிள், ஆயில், சோதனை

கேபிளைப் பழைய மரை எண்ணிக்கையில் வைப்பது தொடக்கத்துக்குத்தான். பிளேட் தேயத் தேய ஃபிங்கர்கள் பேரிங்கை நோக்கி வரும், பெடலின் ஃப்ரீ பிளே (எதிர்ப்பு வரும் முன் பெடல் சும்மா போகும் தூரம்) குறையும். யாரும் கேபிளைச் சரிசெய்யாமல் விட்டால் பேரிங் நாள் முழுக்க ஃபிங்கரில் உரசிச் சுற்றி நேரத்துக்கு முன்பே போகும், உங்கள் பழைய பேரிங் போனதற்கே இது காரணமாக இருக்கலாம். இப்போது புது பிளேட் போட்டிருந்தால் பழைய அளவு பெடலை அதிகம் லூஸாக்கும், கிளட்ச் முழுக்க விடாது, அதாவது மிதித்தும் எஞ்சினும் கியர்பாக்ஸும் முழுதாகப் பிரியாது. பெடலைக் கையால் அழுத்தி, எதிர்ப்பு வரும் வரை எத்தனை மில்லிமீட்டர் போகிறது என்று ஸ்கேல் வைத்து அளந்து, மேனுவல் சொல்லும் அளவுக்குக் கொண்டு வாருங்கள்.

கியர் ஆயில் மேனுவலில் எழுதியிருக்கும் கிரேடே வேண்டும். ஜிஎல் 4 (கியர் ஆயிலின் தர வகை) கேட்டிருந்தால் ஜிஎல் 5 மட்டும் என்று போட்ட டப்பாவை வாங்காதீர்கள், அதில் சேர்க்கும் சில ரசாயனங்கள் கியர் மாறும்போது பற்களின் வேகத்தைச் சமப்படுத்தும் சிங்க்ரோ வளையத்தின் பித்தளைக்கு ஆகாது. வண்டி சமமாக நிற்கும்போது, நிரப்பும் ஓட்டையின் கீழ் விளிம்பில் ஆயில் வந்து நிற்கும் வரை ஊற்றுங்கள்.

சக்கரம் தரையில் இறங்கிய பிறகு, நியூட்ரலில் ஸ்டார்ட் செய்து பெடலை மெல்ல மிதித்துக் கேளுங்கள். அடுத்து முழுக்க மிதித்து, மூன்று வினாடி பொறுத்து, ரிவர்ஸ் போடுங்கள். இந்த வண்டிகளில் ரிவர்ஸுக்கு சிங்க்ரோ இல்லாததால் கிளட்ச் முழுக்க விடவில்லை என்றால் கர்ரென்று கத்தும். கத்தினால் கேபிளைக் கொஞ்சம் இறுக்கி மறுபடி பாருங்கள். தெருவில் ஒரு சுற்று ஓட்டி, மேட்டில் நான்காவது கியரில் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது எஞ்சின் மட்டும் கூவி வேகம் ஏறாமல் இருந்தால் கேபிள் அதிகம் இறுகியிருக்கிறது அல்லது பிளேட்டில் கிரீஸ் பட்டிருக்கிறது.

புது பிளேட் என்றால் முதல் சில நூறு கிலோமீட்டர் வரை மேட்டில் கிளட்சைப் பாதி விட்டு வண்டியைப் பிடித்து நிறுத்தாதீர்கள், சிக்னலில் நியூட்ரல் போட்டுக் காலை எடுத்துவிடுங்கள். அதன் பிறகு ஒருமுறை ஃப்ரீ பிளேயை மறுபடி அளந்து, இரவு நிறுத்திய இடத்தில் ஒரு அட்டை விரித்து, காலையில் ஆக்சில் சீல்களுக்கு நேர் கீழே ஆயில் சொட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.